அத்தியாயம் 7: முழு ஆட்டுத் தொடை, இரவெல்லாம் வேகட்டும்

தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருபவர்களுக்குப் பசியாற என்ன வைப்பது என்பதில் ஜோகூர் பாருவின் தம்போய் வட்டார வீடுகளில் பெரிய விவாதம் கிடையாது. தோசை, இல்லாவிட்டால் இட்லி, பக்கத்தில் மட்டன். அந்த மட்டனை யார், எந்நேரத்தில் சமைப்பது என்பதில்தான் இழுபறி. முதல் நாள் மாலை முன்னோருக்குப் படையல் இருக்கும். வீடு கழுவி, கோலம் போட்டு, பிள்ளைகளைத் தூங்க வைக்க நள்ளிரவாகிவிடும். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் காஸ்வே நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேரும்போது அடுப்பங்கரையில் நிற்கத் தெம்பு இருக்காது. இந்த நிலையில் 3 மணிக்கு எழுந்து கறி வேக வைப்பது யாருக்கும் தண்டனைதான்.

எலும்போடு கூடிய 2 கிலோ தொடையை இரவு 9 மணிக்கு ஸ்லோ குக்கரில் ஏற்றி, காலை 6 மணிக்குப் பஞ்சாக எடுத்து, ஏழு மணிக்குள் பெரட்டலாக இலையில் வைக்கும் முறையை இந்த அத்தியாயம் சொல்கிறது. வேலை நாளில், 5 மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கும் இதே முறை சின்ன மாற்றங்களோடு பொருந்தும்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லோ குக்கருக்கு வேக வைக்க மட்டுமே தெரியும். வதக்கவோ வறுக்கவோ சுண்ட வைக்கவோ அதற்கு வராது. நம் கறிக்கு ருசி கொடுப்பவை இந்த மூன்றுமே. ஆகவே முன்வேலையும் பின்வேலையும் உங்களுடையவை, நடுவேலை மட்டுமே குக்கருடையது. “எல்லாவற்றையும் கொட்டி மூடிவிட்டுப் போங்கள்” என்று சொல்லும் குறிப்புகளை நம்பிச் செய்தவர்கள்தான், “மட்டன் சூப்பு மாதிரி இருக்கு” என்று குக்கரை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுகிறார்கள்.

சட்டிக்குள் நடப்பது என்ன

ஆட்டின் தொடையும் சப்பையும் ஓடியாடி உழைத்த தசைகள். அவற்றை இழுத்துக் கட்டியிருக்கும் சவ்விலும் நாரிலும் கொலாஜன் என்னும் புரதம் நிறைய உண்டு. கறியின் உட்புறம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது இந்தக் கொலாஜன் சுருங்கி, தசையைப் பிழிந்து சாற்றை வெளியேற்றும். அந்த நேரத்தில் எடுத்துக் கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். பாதி வெந்த கறி பச்சைக் கறியைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான். அங்கேயே நிறுத்தாமல் 80 பாகைக்கு மேலே கொண்டுபோய் மணிக்கணக்கில் வைத்திருந்தால், கொலாஜன் மெல்ல உருகி ஜெலட்டினாக மாறும். எலும்பு கழன்று வரும், சாறு விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்.

இதற்குக் கடும் தீ தேவையில்லை, நேரம்தான் தேவை. பிரஷர் குக்கரும் இதே வேலையைச் செய்யும். அதற்குள் சூடு 120 பாகைவரை போவதால் அரை மணியில் முடித்துவிடும். ஆனால் முழுத் தொடை 5 லிட்டர் பிரஷர் குக்கருக்குள் அடங்காது. அடங்கினாலும் வெளிப்பக்கம் நார்நாராகப் பிரியும்போது எலும்பை ஒட்டிய பகுதி இறுகியே கிடக்கும். துண்டு போட்ட கறிக்குப் பிரஷர் குக்கர் போதும். முழுத் துண்டு என்றால் ஸ்லோ குக்கருக்கு வாருங்கள்.

லோ, ஹை என்ற இரண்டு அளவுகளைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, போய்ச் சேரும். ஹையில் சீக்கிரம் சேரும், லோவில் தாமதமாகச் சேரும். மெதுவாக ஏறும் சூட்டில் பெரிய துண்டு உள்ளும் புறமும் ஒரே பதமாக வேகும் என்பதால் முழுத் தொடைக்கு லோவே சிறந்தது.

இந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர் அமெரிக்காவில் வாழ்ந்த இர்விங் நாக்சன். இவருடைய தாய்வழிக் குடும்பம் லித்துவேனியாவைச் சேர்ந்த யூதக் குடும்பம். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் அங்கே வெள்ளிக்கிழமை மாலையே பருப்பும் இறைச்சியும் போட்ட சட்டியை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு, அணையும் சூட்டில் இரவெல்லாம் வேகவிட்டு மறுநாள் எடுத்து உண்பார்களாம். வீட்டில் கேட்ட இந்தக் கதையிலிருந்து பிறந்த மின்சாரச் சட்டிக்கு அவர் 1940-இல் காப்புரிமை பெற்றார். ரைவல் நிறுவனம் அதை வாங்கி 1971-இல் கிராக்பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. பண்டிகைக்கு முந்திய இரவில் ஏற்றிவிட்டுத் தூங்கப்போவதுதான் இந்தச் சட்டியின் பிறவிக் குணம். தீபாவளிக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை.

குக்கர் வாங்கும்போது

ஜோகூர் பாரு மின்சாதனக் கடைகளில் ஒரே வரிசையில் இரண்டு விதமான சட்டிகள் இருக்கும். ஒன்று, சூடேறும் உலோகக் கூட்டுக்குள் பீங்கான் சட்டி நேரடியாக உட்காரும் ஸ்லோ குக்கர். மற்றொன்று, நீருக்குள் சின்னப் பீங்கான் கிண்ணங்களை வைத்து வேக வைக்கும் டபுள் பாயிலர். இரண்டாவது, சீனர் வீடுகளில் மூலிகை சூப்புக்கும் பறவைக்கூடு காய்ச்சவும் பயன்படுவது. அதில் தொடை அடங்காது. முதல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

2 கிலோ தொடைக்கு 6 லிட்டர் சட்டி வேண்டும். வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் நல்லது. கடைக்குப் போகும்போது அளவுநாடா எடுத்துப் போய்ச் சட்டியின் உள்நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சமைக்கும்போது சட்டி பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேற்படாமலும் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு பேர் உள்ள வீட்டில் 6 லிட்டர் சட்டி தினசரிக்கு ஒத்துவராது.

லோ, ஹை தவிர வார்ம் என்ற அளவும், குறித்த நேரம் முடிந்ததும் தானாகவே வார்முக்கு மாறும் வசதியும் இருந்தால் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. அடியிலோ பிளக்கிலோ சிரிம் தரச் சான்று ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் வாங்கியது என்றாலும் பரவாயில்லை, பிளக்கும் மின்னழுத்தமும் ஒன்றே. இந்தியாவிலிருந்து கொண்டுவந்ததன் பிளக் இங்கே பொருந்தாது.

மின்சாரச் செலவு பயப்படும்படி இருக்காது. 250 வாட் குக்கர் 9 மணி நேரம் ஓடினால் இரண்டேகால் யூனிட்.

பழைய குக்கர் வீட்டில் கிடந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். பாதியளவு குழாய்த் தண்ணீர் ஊற்றி, லோவில் 8 மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்த உடனே வெப்பமானியை விடுங்கள். 85 முதல் 93 பாகைக்குள் காட்டினால் நல்ல நிலையில் இருக்கிறது. அதற்குக் கீழே என்றால் கறிக்கு அந்தக் குக்கரை நம்ப வேண்டாம்.

கறிக்கடையில்

மலேசியாவில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து உறைநிலையில் வரும் செம்மறி. ஹைப்பர்மார்க்கெட் ஃப்ரீசரில் ‘பாஹா கம்பிங்’ என்று ஒட்டியிருந்தால் தொடை, ‘பாஹு கம்பிங்’ என்றால் சப்பை. உள்ளூர் வெள்ளாட்டுக்கறி வேண்டுமானால் காலைச் சந்தைக்குத்தான் போக வேண்டும். முனியாண்டி கோயில் பூசைக்குக் கிடா வெட்டும் குடும்பங்களுக்கு, பங்கு பிரிக்கும்போது முழுக் காலே வீட்டுக்கு வந்துவிடுவதும் உண்டு.

எதை எடுப்பது? சப்பையில் கொழுப்பும் சவ்வும் அதிகம். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடந்தாலும் உலராது. முதல் தடவை செய்கிறவர்கள் சப்பையில் தொடங்குவது நல்லது. தொடையில் சதை அதிகம், வெட்டி வைக்க அழகாக இருக்கும். ஆனால் நேரம் தவறினால் சக்கையாகிவிடும். உள்ளூர் வெள்ளாட்டுத் தொடை செம்மறியைவிடச் சிறியது, கொழுப்புக் குறைந்தது. முற்றிய கிடாயாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் கேட்கும்.

கடையில் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு முடிவதற்குள் கத்தி இறங்கிவிடும்.

“அண்ணே, தொடைய துண்டு போட்டுராதீங்க. முழுசா வேணும்.”

“எதுக்குக்கா? சூப்புக்கா, பெரட்டலுக்கா?”

“முழுசா வேக வச்சு பெரட்டப் போறேன். முட்டிகிட்ட மட்டும் எலும்புல ஒரு வெட்டு போடுங்க, மடக்கி வைக்கணும். மேல இருக்கிற சவ்வ உரிச்சிருங்க. கொழுப்ப ரொம்ப வழிக்காதீங்க.”

முட்டியில் விழும் அந்த ஒரு வெட்டுதான் நீளமான தொடையைச் சட்டிக்குள் அடக்கும். மேலே வெள்ளியாக மினுங்கும் சவ்வு எவ்வளவு வெந்தாலும் வாயில் சிக்கும். கடையில் உரிக்காவிட்டால் வீட்டில் கூரிய கத்தியின் முனையை அடியில் நுழைத்து உரித்துவிடுங்கள்.

பனி இளக்குதல்

உறைந்த கறியை ஒருபோதும் அப்படியே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். உட்புறம் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

2 கிலோ தொடையை ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில், ஒரு தட்டில் வைத்து இளக்க ஒரு முழு நாள் ஆகும். பெரிய தொடைக்கு ஒன்றரை நாள் கணக்கிடுங்கள். அவசரமென்றால், தண்ணீர் புகாத பையில் கட்டி குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றுங்கள். 2 கிலோவுக்கு 2 முதல் 3 மணி நேரம் பிடிக்கும். அப்படி இளக்கிய கறியை உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் காலையில் எடுத்து வைத்து மாலைவரை விடும் பழக்கம் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

தேவையானவை (8 முதல் 10 பேருக்கு)

- எலும்போடு ஆட்டுத் தொடை அல்லது சப்பை: 2 கிலோ
- உப்பு: 4 தேக்கரண்டி, மட்டமாக
- மஞ்சள் தூள்: 1 தேக்கரண்டி
- இஞ்சி பூண்டு விழுது: 4 மேசைக்கரண்டி
- மட்டனுக்கான கறித்தூள்: 8 மேசைக்கரண்டி
- பெரிய வெங்காயம்: 4, மெல்லிசாக நறுக்கியது
- தக்காளி: 3
- பட்டை 1 துண்டு, கிராம்பு 3, ஏலக்காய் 4, அன்னாசிப்பூ 1
- சோம்பு: 2 தேக்கரண்டி
- கறிவேப்பிலை: 4 கொத்து
- உருளைக்கிழங்கு: 4, பாதியாக வெட்டியது
- எண்ணெய்: 8 மேசைக்கரண்டி
- தண்ணீர்: 150 மில்லி
- பெரட்டுவதற்கு: சின்ன வெங்காயம் 200 கிராம், காய்ந்த மிளகாய் 6, புதிதாகப் பொடித்த மிளகு 2 தேக்கரண்டி, கெட்டித் தேங்காய்ப் பால் 150 மில்லி

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வாசனைப் பொருள்கள் அடுப்புக் கறிக்குப் போடுவதைவிடக் குறைவாக இருக்கின்றன. 9 மணி நேரம் ஊறும் கிராம்பும் அன்னாசிப்பூவும் அளவு மீறினால் கசக்கும். தண்ணீரும் ஒரு தேநீர்க் கோப்பைக்கு மேல் இல்லை. மூடிய சட்டியில் நீர் ஆவியாகாது, அதோடு 2 கிலோ கறியே அரை லிட்டரை நெருங்கும் சாற்றை விடும். பப்பாளிக்காய் பட்டியலிலேயே இல்லை. சீக்கிரம் வேக வைக்க அடுப்புக் கறியில் ஒரு துண்டு போடுவது வழக்கம்தான். மெல்ல ஏறும் சூட்டில் பப்பாளியின் நொதி வெகுநேரம் வேலை செய்து, கறியின் மேற்புறத்தைக் கூழாக்கிவிடும்.

முன்வேலை

1. முதல் நாள் இரவு: தொடையை ஈரம் போகத் துடைத்து, கத்தி முனையால் எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்துங்கள். 3 தேக்கரண்டி உப்பு, மஞ்சள், 2 மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது இவற்றைக் குத்திய இடங்களுக்குள் விரலால் தேய்த்து, மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். முழுத் துண்டுக்குள் உப்பு இறங்க இந்த இரவு தேவை. சமைக்கும்போது மேலே போடும் உப்பு எலும்புவரை போகாது.

2. வறுத்தல்: சமைக்க அரை மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் விழுதை வழித்து எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் அது கருகும். அகலமான கனத்த சட்டியில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, புகை எழும் அளவுக்குக் காய்ந்ததும் தொடையை இறக்குங்கள். ஒரு பக்கத்துக்கு 3, 4 நிமிடம் அசைக்காமல் விட்டுத் திருப்புங்கள். சட்டியில் தானாக ஒட்டுவிடும்போதுதான் அந்தப் பக்கம் தயார். இழுத்தால் வராது என்றால் இன்னும் நேரம் கொடுங்கள். கறி செம்பழுப்பாகி மணம் விடுவதற்கு 140 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். ஸ்லோ குக்கர் 100 பாகையைத் தாண்டாது. இந்தப் படியைத் தவறவிட்டால் காலையில் சாம்பல் நிறக் கறிதான் கிடைக்கும்.

3. மசாலா: தொடையை எடுத்துவிட்டு அதே சட்டியில் இன்னும் 3 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, சோம்பு தாளித்து, 2 கொத்து கறிவேப்பிலையும் வெங்காயமும் போட்டு நன்றாகச் சிவக்க வதக்குங்கள். 15 நிமிடம் ஆகும், அவசரப்படாதீர்கள். மீதி இஞ்சி பூண்டு விழுதையும் வழித்து வைத்ததையும் சேர்த்துப் பச்சை வாடை போனதும், கறித்தூளை 100 மில்லி தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து ஊற்றுங்கள். தீயைக் குறைத்து, எண்ணெய் பிரிந்து ஓரங்களில் மின்னும்வரை கிளறுங்கள். கடைசியில் தக்காளியும் மீதி உப்பும். தக்காளி கரைந்ததும் மீதி 50 மில்லி தண்ணீரை விட்டு, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். ருசி அங்கேதான் இருக்கிறது.

கறித்தூளை வதக்காமல் நேரே குக்கரில் தூவினால் அடுத்த நாளும் பச்சை வாடை போகாது.

குக்கரில் ஏற்றுதல்

உருளைக்கிழங்கை அடியில் பரப்புங்கள். கிழங்கு, கேரட் போன்றவை இந்தச் சட்டியில் கறியைவிட மெதுவாக வேகும், சூடு அதிகமுள்ள அடிப்பக்கம் அவற்றுக்குத்தான். அதன்மேல் தொடையைக் கொழுப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சூடான மசாலாவை மேலேயும் பக்கங்களிலும் ஊற்றுங்கள். மசாலா ஆறியிருக்கக் கூடாது. சூடாக ஊற்றினால் சட்டி ஆபத்தான சூட்டு எல்லையைச் சீக்கிரம் தாண்டும்.

முதல் ஒரு மணி நேரம் ஹை. பிறகு லோ. தொடைக்கு லோவில் 7 முதல் 8 மணி, சப்பைக்கு 8 முதல் 9 மணி. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் 20, 30 நிமிடச் சூடு போய்விடும். கண்ணாடி மூடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால், மூடியைத் தூக்காமல் லேசாகச் சுழற்றுங்கள், உள்ளே தெரியும்.

வெந்ததற்கு அடையாளம்: முட்டிப் பக்கத்து எலும்பைச் சுற்றிச் சதை மேலேறி எலும்பு நுனி வெளியே தெரியும். அதைத் துணியால் பிடித்துத் திருகினால் தளர்ந்து சுழலும். வெப்பமானி வைத்திருந்தால் எலும்பைத் தொடாமல் சதையின் நடுவில் குத்திப் பாருங்கள். 63 பாகையிலேயே ஆட்டுக்கறி உண்ணப் பாதுகாப்பானது என்றாலும் இந்த முறைக்கு அது போதாது. 90 முதல் 95 பாகை காட்டும்போதுதான் பெரட்டலுக்கு ஏற்ற பதம். இன்னும் இறுக்கமாக இருந்தால் கறி கெட்டுப்போய்விட்டது என்று எண்ணாதீர்கள், மறுபடி மூடி ஒரு மணி நேரம் விடுங்கள்.

இரண்டு நேர அட்டவணைகள்

தீபாவளி இரவு, தொடைக்கு:

- இரவு 8:00: வறுத்து, மசாலா வதக்குதல்
- 9:00: குக்கரில் ஹை
- 10:00: லோவுக்கு மாற்றிவிட்டுப் படுக்கை
- காலை 5:00: எழுந்ததும் எலும்பைத் திருகிப் பார்த்தல்
- 6:00: தொடையை வெளியே எடுத்தல். வீட்டார் எண்ணெய்க் குளியல் முடிக்கும் நேரத்தில் கறி ஆறியிருக்கும்
- 6:30: பெரட்டல்
- 7:00: தோசைக்கல் காயட்டும்

வேலை நாள், சப்பைக்கு:

முன்வேலையை முதல் நாள் இரவே முடித்து, கறியையும் மசாலாவையும் தனித்தனிப் பாத்திரத்தில் ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஆனால் கறியை அரைகுறையாக வறுத்து வைக்கக்கூடாது. வறுப்பதைக் காலைக்கு ஒதுக்குங்கள், 15 நிமிட வேலை. மசாலாவைக் கொதிக்கச் சூடாக்கி ஊற்றி, 4:30 மணிக்கு லோவில் 10 மணி நேரம் வைத்து, தானாக வார்முக்கு மாறும்படி விட்டுக் கிளம்புங்கள். 2:30 மணிக்கு வார்ம் ஆகும், 6 மணிக்குப் பிள்ளைகளோ பெரியவர்களோ வந்து அணைக்கலாம். 14 மணி நேரம் வீடு பூட்டியே கிடக்கும் என்றால் இதைச் சனிக்கிழமை இரவுக்குத் தள்ளிப்போடுங்கள். ஞாயிறு மத்தியானம் சாப்பாடாகிவிடும். தொடையை வேலை நாள் அட்டவணையில் வைக்க வேண்டாம், உலர்ந்துவிடும்.

நேரம் கடந்து தொடங்கும் டைமர் பிளக்கைப் பயன்படுத்தி, பச்சைக் கறியைக் காலையில் வைத்து மத்தியானம் சூடேறச் செய்வது கூடவே கூடாது. 30 பாகை வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் கிடக்கும் கறி குக்கர் சூடேறுவதற்கு முன்பே கெட்டுவிடும்.

பின்வேலை: பெரட்டல்

தொடையைப் பெரிய தட்டில் எடுத்து 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு பிய்த்தால் நார்நாராகிவிடும். அதற்குள் சட்டியில் இருக்கும் சாற்றை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிட்டு, பெரிய தீயில் பாதியாகச் சுண்ட வையுங்கள். ஜெலட்டின் இருப்பதால் மாவு எதுவும் சேர்க்காமலே கரண்டியில் பூசும் பதத்துக்குக் கெட்டியாகும். தேங்காய்ப் பாலை இப்போதுதான், தீயைக் குறைத்தபின் ஊற்ற வேண்டும். இரவிலேயே குக்கரில் ஊற்றினால் காலையில் திரிந்து போயிருக்கும்.

இன்னொரு சட்டியில் மீதி 2 மேசைக்கரண்டி எண்ணெயில் காய்ந்த மிளகாய், முழுச் சின்ன வெங்காயம், மீதிக் கறிவேப்பிலை போட்டு வெங்காயம் சிவந்ததும், கறியைக் கையளவுத் துண்டுகளாக எலும்பிலிருந்து பிரித்து இறக்குங்கள். கிளறாதீர்கள். அகப்பையை அடியில் விட்டு மெல்லத் திருப்பிப் போடுங்கள். சுண்டிய சாற்றை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, அது கறியில் ஏறியபின் அடுத்த கரண்டி. 12 முதல் 15 நிமிடத்தில் மசாலா கறியைச் சுற்றிப் பிடித்து, ஓரங்கள் முறுகும். மிளகைத் தூவி இறக்குங்கள்.

முழுத் தொடையாகவே மேசையில் வைக்க விரும்பினால், சுண்டிய மசாலாவை மேலே பூசி, 220 பாகை அவனில் 15 நிமிடம் வைத்து எடுங்கள். கத்தி தேவைப்படாது, கரண்டியாலேயே பிரியும்.

விருந்தாளிகள் நாள் முழுக்க வந்தால்

திறந்த இல்ல உபசரிப்பில் காலை முதல் இரவுவரை ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். பெரட்டிய கறியில் பாதியை, சூடு ஆறுமுன், மீதிச் சாறோடு கழுவிய குக்கர் சட்டியில் போட்டு வார்மில் வையுங்கள். கறியின் சூடு 60 பாகைக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபாதியை ஐஸ் பெட்டியில் வைத்து, தேவைப்படும்போது அடுப்பில் கொதிக்கச் சூடாக்கிச் சேருங்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கறியை நேரடியாக ஸ்லோ குக்கரில் சூடாக்கக் கூடாது, அது சூடேறப் பல மணி நேரம் எடுக்கும்.

மேசையில் வெறும் பாத்திரத்தில் வைத்த கறி, 32 பாகையைத் தாண்டும் நாளில், ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மிஞ்சியதைப் பெரிய சட்டியோடு அப்படியே ஐஸ் பெட்டிக்குள் தள்ளாதீர்கள். வெந்த கறியிலும் சில கிருமிகளின் வித்துகள் உயிரோடு இருக்கும், ஆழமான சட்டி மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். எலும்பை நீக்கி, ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பி வைத்தால் விரைவில் குளிரும்.

மின்சாரம் போனால்? வீட்டில் இருந்தால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி முடித்துவிடுங்கள். வெளியே போய்த் திரும்பும்போது மைக்ரோவேவ் கடிகாரம் மின்னி மின்னி அணைந்தால், இடையில் மின்சாரம் போயிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் கறி பார்வைக்கு வெந்தது போலிருந்தாலும் கொட்டிவிடுங்கள். வெள்ளிக் கணக்குப் பார்க்கும் இடம் இதுவல்ல.

சூடான பீங்கான் சட்டியைக் கழுவுத்தொட்டியின் ஈரத்தில் வைத்தால் விரிசல் விழும். ஐஸ் பெட்டியில் குளிர்ந்த சட்டியைச் சூடான கூட்டில் வைத்தாலும் அப்படித்தான்.

கோளாறும் தீர்வும்

- குழம்பு தண்ணியாக இருக்கிறது: அடுப்பில் சுண்ட வைக்கவில்லை. அடுத்த முறை தண்ணீரையும் பாதியாகக் குறையுங்கள்.
- கறி வெந்தும் சக்கையாக இருக்கிறது: தொடை அதிக நேரம் கிடந்திருக்கிறது. மெல்லிசாகப் பிய்த்து, சுண்டிய சாற்றில் 10 நிமிடம் ஊறவிட்டு ரொட்டி சானாயோடு பரிமாறுங்கள்.
- கறி இழுக்கிறது: நேரம் போதவில்லை. ஹையில் இன்னும் ஒரு மணி.
- கசக்கிறது: கிராம்பு கூடியிருக்கும், அல்லது கறித்தூள் கருகியிருக்கும். தேங்காய்ப் பாலைச் சற்றுக் கூட்டினால் ஓரளவு அடங்கும்.
- உப்பு வெளியே மட்டும் தெரிகிறது: முதல் நாள் இரவு உப்பு தேய்க்கவில்லை. பிய்த்த துண்டுகளைச் சாற்றில் புரட்டினால் சரியாகும்.
- உருளைக்கிழங்கு நறுக்கென்று இருக்கிறது: கறிக்கு மேலே வைத்திருப்பீர்கள்.

எலும்பை எறிய வேண்டாம்

கறி பிரித்த எலும்பில் நல்லியும் ஒட்டிய சதையும் இன்னும் இருக்கும். அன்று மாலையே தால்சா வைத்துவிடலாம். ஒரு கோப்பை துவரம்பருப்பை எலும்போடும் ஒரு கரண்டி சுண்டிய மசாலாவோடும் பிரஷர் குக்கரில் 4 விசில் விட்டு, வெந்ததும் கத்தரிக்காய், மாங்காய், கேரட் போட்டு, கொஞ்சம் புளி கரைத்து ஊற்றிக் கொதிக்க வையுங்கள். கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் இரவுச் சோற்றுக்குக் குழம்பு தயார். எலும்பை உடனே சமைக்க முடியாவிட்டால் பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். மேலே வழித்தெடுத்த ஆட்டுக்கொழுப்பைக் கழுவுத்தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள். அது உறைந்து குழாயை அடைக்கும், பண்டிகை நாளில் பிளம்பர் கிடைக்கமாட்டார்.